பட்டாவும் புறம்போக்கும்: செல்போனுக்குள் ஒரு நிலக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சமீப காலமாக என்னிடம் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. "சார், அந்த ஆப்பை அழிச்சேன், அதுக்குள்ள எழுதி வெச்ச தோப்புக் கணக்கெல்லாம் போயிருச்சுங்க." "சார், ஃபைல் மேனேஜர்ல அந்த ஃபோல்டர் இருக்குது, தொறந்தா காலியாக் காட்டுது." கோவையில் செயலி எழுதும் வேலையில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு வேறு குறை. "முன்னெல்லாம் ரெண்டு வரியில ஒரு ஃபைலைத் தொறந்துருவோம். இப்ப ஆயிரத்தெட்டு அனுமதி கேக்குது சார்."

எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே வரலாற்றில் இருக்கிறது. வரலாறு நடத்திய ஆள் என்பதால் அதை முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம்ம ஆனைமலைப் பக்கத்து ஆட்களுக்கு நிலக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டா நிலத்துக்கு உரிமையாளர் உண்டு, வேலி உண்டு. மேய்ச்சல் புறம்போக்கில் யார் வீட்டு மாடும் மேயலாம். செல்போனுக்குள் இருக்கும் சேமிப்பிடமும் இந்த இரண்டு வகைதான். எது பட்டா, எது புறம்போக்கு என்று முடிவு செய்ததுதான் கடந்த இருபது ஆண்டுக் கதை.

முதல் பதிவேடு 1969-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். ஒரே கணினியைப் பல பேர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் யார், யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று குறித்து வைத்தார்கள். நம்ம ஊர் 'அ' பதிவேடு மாதிரி.

இதற்கு நேர்மாறானது மைக்ரோசாப்ட்டின் ஃபேட் முறை. 1970-களின் இறுதியில் ஃபிளாப்பி வட்டுக்காக வந்தது. ஒரு ஆள், ஒரு கணினி என்ற கணக்கு. அதனால் கோப்புக்கு உரிமையாளர் என்ற பத்தியே அதில் கிடையாது. பின்னாளில் செல்போன் மெமரி கார்டுகள் எல்லாம் இந்த ஃபேட் முறையில்தான் வந்தன. மெமரி கார்டு பிறவியிலேயே புறம்போக்கு. இதை நினைவில் வையுங்கள்.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்து விலை உயர்ந்த நோக்கியா போன்களில் இருந்தது சிம்பியன் இயங்குதளம். போனின் நினைவகம் 'சி', மெமரி கார்டு 'ஈ' என்று கணினி போலவே தெரியும். 2004-ல் கேபிர் என்ற புழு நிரல் புளூடூத் வழியாக இந்த போன்களுக்குள் பரவியது. செல்போனுக்கும் நோய் வரும் என்று உலகம் அப்போதுதான் பார்த்தது. சிம்பியனின் ஒன்பதாம் பதிப்பில் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. அதற்குள் வேறு செயலி எட்டிப் பார்க்க முடியாது. எல்லா அறைகளையும் திறக்கும் சாவிக்கு 'ஆல்ஃபைல்ஸ்' என்று பெயர். போன் தயாரிக்கும் நிறுவனம் சம்மதித்தால்தான் அந்தச் சாவி கிடைக்கும்.

2007-ல் ஐபோன் வந்தது, 2008 ஜூலையில் அதன் ஆப் ஸ்டோர் திறந்தது. ஆப்பிள் கிட்டத்தட்ட முழு நிலத்தையும் பட்டா போட்டுவிட்டது. போட்டோ ஆல்பம் போன்ற சிலவற்றைத் தவிர பொது இடமே இல்லை. கோப்புகளைப் பார்க்க 'ஃபைல்ஸ்' என்ற செயலியை அவர்கள் கொடுத்ததே 2017-ல்தான்.

2008-ல் வந்த ஆண்ட்ராய்டு இரண்டையும் கலந்தது. யுனிக்ஸ் வழி வந்த லினக்ஸ்தான் அதன் அடித்தளம். அங்கே ஒரு அழகான யோசனை செய்தார்கள். பழைய கணினியில் ஒரு இயந்திரத்துக்குப் பல மனிதர்கள். செல்போனில் ஒரு மனிதருக்கு நூறு செயலிகள். ஆகவே ஒவ்வொரு செயலியையும் ஒரு தனி 'ஆள்' என்று பதிவேட்டில் எழுதினார்கள். செயலியின் உள் அறை பட்டா ஆயிற்று. ஆனால் மெமரி கார்டு? அதுதான் பிறவிப் புறம்போக்கு ஆயிற்றே. அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆரம்பத்தில் மெமரி கார்டில் எழுதக்கூட அனுமதி தேவைப்படவில்லை. 2009-ல் 1.6 பதிப்பில்தான் எழுதுவதற்கு அனுமதி வந்தது. படிப்பதற்கு அனுமதி கட்டாயமானது 2013-ல், 4.4 பதிப்பில். அதுவரை ஒரு டார்ச் லைட் செயலி நினைத்தால் கார்டில் இருக்கும் உங்கள் குடும்பப் படங்களைப் படிக்கலாம். இணைய அனுமதியும் அதற்கு இருந்தால் வெளியே அனுப்பவும் செய்யலாம்.

2015-ல் 6.0 பதிப்பு வந்த பிறகு, போன் நம்மிடமே நேரடியாகக் கேட்கத் தொடங்கியது: "இந்தச் செயலி உங்கள் கோப்புகளைப் பார்க்கலாமா?" கேட்டது நல்லதுதான். ஆனால் 'சரி' என்று ஒரு முறை தட்டினால் பொது இடம் முழுக்கத் திறந்துவிடும். ஒரு படத்தைக் காட்டக் கூப்பிட்டவனுக்கு வீட்டுப் பீரோவையே திறந்துவிடுவது போல.

அதன் விலை என்ன என்று 2020-ல் நம் நாடு பார்த்தது. கொரோனா ஊரடங்கில் வேலை போனவர்கள், கடை மூடியவர்கள் ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்காக உடனடிக் கடன் செயலிகளை நாடினார்கள். பல செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டுதான் கடன் கொடுத்தன. தவணை தவறியவர்களின் படத்தைச் சிதைத்து உறவினர்களுக்கு அனுப்பி மிரட்டினார்கள். உயிரை விட்டவர்கள் உண்டு. தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் போலீஸ் வழக்குப் பதிந்து கைதுகள் நடந்தன.

2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு அமைத்தது. அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் இந்திய ஆண்ட்ராய்டு பயனர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் சுமார் 1,100 என்றும், அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்றும் அந்தக் குழு சொன்னது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கடன் செயலிகள் போனில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் எதையும் தொடக்கூடாது. அடையாளச் சரிபார்ப்புக்குக் கேமரா போன்றவற்றை, ஒப்புதல் பெற்று, ஒரு முறை மட்டும் பயன்படுத்தலாம். கூகுளும் 2023-ல் தன் கடையில் இருக்கும் தனிநபர் கடன் செயலிகளுக்குப் படங்களையும் தொடர்பு எண்களையும் மறுத்தது. ஒரு செயலி எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பது நிரல் எழுதுபவர்களின் விவகாரமாக இருந்தது போய், நாட்டின் வங்கி விதியாகவே மாறியது.

இதே காலத்தில் ஆண்ட்ராய்டும் வேலி போட்டுக்கொண்டிருந்தது. 2019-ல் 10-ஆம் பதிப்பில் புதிய கட்டுப்பாடு வந்தது. செயலி எழுதுபவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். 2020-ல் 11-ஆம் பதிப்புக்கு எழுதப்படும் செயலிகளுக்குக் கட்டாயமானது. 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டேட்டா' என்ற பகுதி மற்ற செயலிகளுக்கு மூடப்பட்டது. ஃபைல் மேனேஜர் காலியாகக் காட்டுவது இதனால்தான். முழு நிலத்தையும் பார்க்கும் 'எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி' என்பதைக் காரணம் காட்டித்தான் வாங்க வேண்டும். சிம்பியனின் பழைய 'ஆல்ஃபைல்ஸ்' சாவி பதினைந்து வருடம் கழித்து அதே பெயரோடு திரும்பி வந்துவிட்டது பாருங்கள்!

2022-ல் 13-ஆம் பதிப்பு இன்னும் நல்ல வழியைத் தந்தது. செயலி நம் ஆல்பத்துக்குள் வராது. நாமே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுக்கிறோம். அதை மட்டும் அது பார்க்கும். வாசலில் நிற்கிற ஆளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுப்பது நம்ம வீட்டு வழக்கம்தானே.

வேலி திருடனைத் தடுக்கும். ஆனால் செயலிக்குச் சொந்தமான அறையில் இருப்பது செயலியோடு போய்விடும். செயலியை அழித்தால் அதன் பட்டா நிலத்தில் இருந்த எல்லாவற்றையும் போன் துடைத்துவிடும். தோப்புக் கணக்கு போனது அப்படித்தான். பொது இடத்தில் இருக்கும் கோப்பு அப்படி அல்ல. அதை வைத்த செயலி போனாலும் கோப்பு அங்கேயே கிடக்கும்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

செயலியில் எதை எழுதினாலும் முதலில் கேளுங்கள்: இது எங்கே சேமிக்கப்படுகிறது? வெளியே எடுக்க 'எக்ஸ்போர்ட்' வசதி இருக்கிறதா? இல்லையென்றால் வருடக் கணக்கை அதில் எழுதாதீர்கள். செயலியை அழிப்பதற்கு முன் வேண்டியதை 'டவுன்லோட்ஸ்' அல்லது 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்கு எடுத்து வையுங்கள்.

இணையத்தில் இறக்கிய பட்டா, சிட்டா நகல், பாட்டி பேசிய ஒலிப்பதிவு, பழைய பள்ளிப் படங்கள் இவற்றுக்குப் போனுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். பென் டிரைவோ, வீட்டுக் கணினியோ, எதுவானாலும் சரி. இணையச் சேமிப்பும் நல்லதுதான். ஆனால் அது குத்தகை நிலம், நம் சொந்த நிலம் அல்ல.

கடன் செயலியோ டார்ச் செயலியோ உங்கள் படங்களைக் கேட்டால் 'வேண்டாம்' என்று தட்டுங்கள்.

செயலி எழுதும் என் பிள்ளைகளுக்கு: ஒரு கோப்பு போதுமென்றால் ஒன்றை மட்டும் கேளுங்கள். நீங்கள் எழுதும் அந்த இருபது வரி யாரோ ஒரு குடும்பத்தின் மானத்தைக் காக்கிறது. எக்ஸ்போர்ட் பொத்தானையும் மறக்காமல் வையுங்கள். நிலம் உங்கள் செயலியுடையதாக இருக்கலாம். அதில் விளைந்தது அந்த மனிதருடையது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் போனையும் ஒரு முறை பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.