இடது கைத் தழும்பு

உத்திரமேரூர் என்றால் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைத்தான் பேசுவார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மானாம்பதி, சாலவாக்கம் பக்கத்து ஜனங்களின் இடது கையும் ஒரு சரித்திரம்தான். காசநோய் என்னும் டிபிக்கான பிசிஜி தடுப்பூசித் தழும்பைச் சொல்கிறேன்.

அந்த ஊசி லேசில் ஊருக்குள் வந்துவிடவில்லை. 1948இல் கிண்டியில் பிசிஜி தயாரிப்புக்கூடம் வந்தது. 1955இல் ராஜாஜியே அந்த ஊசியை எதிர்த்து எழுதினார். பிறகு எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, திருவள்ளூர்ப் பக்கம், 1968 முதல் 1971 வரை பெரிய ஆய்வு. சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தே இல்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது. 1979இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது: பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை.

"அப்புறம் ஏம்மா இன்னும் போடுறீங்க?" என்று ஒரு வாத்தியார் என்னை மடக்கினார். நியாயமான கேள்விதான். கைக்குழந்தைக்கு டிபி கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் ஏறி மூளையுறைக்குப் போய்விடும். அந்த மூளைக்காய்ச்சலை பிசிஜி நன்றாகவே தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. பிறந்த குழந்தைக்குப் போடுவது அதற்காகத்தான் சார் என்றேன்.

போடும் மருந்து 0.05 மில்லி. தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். கொசு கடித்த மாதிரி உப்பி அமுங்கும். இரண்டு மூன்று வாரத்தில் சிவந்து கட்டியாகும், சீழ் வைக்கும், உடையும். பாட்டிமார் மஞ்சளும் கையுமாக வந்துவிடுவார்கள். "ஒண்ணும் தடவாதீங்க ஆயா, தானா ஆறும்" என்று தடுப்பதே எனக்குப் பாதி வேலை. ஊசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியை வெள்ளணுக்கள் சூழ்ந்துகொண்டு எதிர்க்கப் பழகுகின்றன, கட்டி அதனால்தான்.

குழந்தைகளின் தடுப்பூசியில் அடுத்த மாற்றம் 2011 டிசம்பரில். மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமிக்கான மருந்தும் சேர்ந்த, ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். ஹிப் கிருமி சர்க்கரையாலான உறை போட்டுக்கொண்டு திரியும். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு அந்த உறைக்கு எதிராகச் சரியாக எதிர்ப்பொருள் உண்டாக்காது. அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் டி-செல் என்னும் வெள்ளணுக்கள் துணைக்கு வரும், நினைவும் தங்கும். எனக்குத் தெரிந்த மருத்துவத்தில் இதைவிடக் கெட்டிக்கார வேலை இல்லை. 2021இல் வந்த நிமோகாக்கல் ஊசியும் இந்த வழிதான்.

பென்டா 6, 10, 14 வாரங்களில். முதல் ஊசிக்குக் காய்ச்சல் கண்டதும் அடுத்ததற்கு வராமல் இருந்துவிடும் தாய்மார் உண்டு. மூன்றும் போட்டால்தான் எதிர்ப்பு முழுசாக ஏறும். காய்ச்சலுக்கு நர்ஸே மருந்து தருவார், ஊசி போடும் புதன்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.