செய்யாறு: கலசப்பாக்கக் கரைவழி

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் தென் அடிவாரத்தையும் பர்வதமலையையும் ஒட்டி, செய்யாற்றின் ஓரமாகச் செல்லும் பழைய நடைவழி இது. காஞ்சி, கடலாடி, மாம்பாக்கம், தென்மகாதேவமங்கலம், எலத்தூர், பூண்டி, குருவிமலை ஆகிய ஊர்களையும் அவற்றுக்கு நடுவே கலசப்பாக்கத்தையும் தொட்டுச் செல்கிறது. இதைத் தனித் தடமாக யாரும் வெட்டி அமைக்கவில்லை. ஆற்று மணல், கரைமேடு, வாய்க்கால் வரப்பு, கோயில் தெரு, மலையடிவார மாட்டுத்தடம் என்று மாறி மாறி வரும் பாதை. இந்த நடைக்குப் பழமையான, விரிவான எழுத்துச் சான்று உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் அந்தச் சான்று.

ஆறு

செய்யாறு ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் பக்கமாக இறங்கி, கலசப்பாக்கம், போளூர் வட்டங்களைக் கடந்து, திருவத்திபுரம் எனப்படும் செய்யாறு நகரைத் தாண்டிச் செல்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. மேற்பகுதியில் குப்பநத்தம் அணை இதன் குறுக்கே உள்ளது; அணையின் கொள்ளளவு 700 மில்லியன் கனஅடி. ஜவ்வாது மலையிலிருந்து வரும் மிருகண்டா நதியும் செய்யாற்றில் கலக்கிறது. அந்த நதியின் குறுக்கே கலசப்பாக்கம் வட்டத்தில் சுமார் 23 அடி உயரச் சிறிய அணை ஒன்று இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு, வடகிழக்குப் பருவமழையில் திடீரென்று பெருகும்.

ஆற்றின் தோற்றம் பற்றிய தலபுராணக் கதை இவ்வட்டாரம் முழுவதும் வழங்குகிறது. வாழைப்பந்தலில் மணலால் சிவலிங்கம் பிடிக்க அம்பிகை நீர் கேட்க, முருகன் மலையை நோக்கி வேலை எறிந்தான். வேல் பட்ட இடத்தில் ஆறு பிறந்தது. வழியில் தவத்தில் இருந்த எழுவர் அந்த வேலால் மாண்டதால் நீர் செந்நிறமாக ஓடியது. அந்தப் பழி தீர ஒரு கரையில் ஏழு கரைகண்டேசுவரர் கோயில்களும் மறுகரையில் ஏழு கயிலாயநாதர் கோயில்களும் எழுந்தன என்பர். முதல் ஏழும் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன காஞ்சி முதல் குருவிமலை வரையான ஊர்களில் உள்ளன. மண்டகொளத்தூர், கரைப்பூண்டி, தென்பள்ளிப்பட்டு, பழங்கோயில், நார்த்தாம்பூண்டி, தாமரைப்பாக்கம், வாசுதேவம்பட்டு ஆகியவை கயிலாயத் தலங்கள். கரைவழியின் ஒழுங்கை இன்றும் காத்து நிற்பவை இந்தப் பதினான்கு கோயில்களே. கரைகண்டேசுவரர் கோயில்கள் ஏழையும் ஒரே நாளில் வணங்கிவர விரும்பும் அடியவர், தெரிந்தோ தெரியாமலோ ஆற்றைப் பிடித்தே நடக்கிறார்.

மலைபடுகடாம் காட்டும் வழி

கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளம் இதற்கு. பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா வேளாகிய நன்னன் சேய் நன்னன். பல்குன்றக் கோட்டம் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று. செங்கண்மா இன்றைய செங்கம். எழில்மலையை ஆண்ட நன்னன் வேறு, இவன் வேறு. உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டபின் இந்த வட்டாரத்துக்குத் தன் பழைய வரலாறு திரும்பக் கிடைத்தது.

பாட்டில் வரும் நவிரமலை, கலசப்பாக்கத்துக்கு அருகே செங்குத்தாக நிற்கும் பர்வதமலை ஆகும். அந்த மலையில் காரியுண்டிக் கடவுள், அதாவது நஞ்சுண்ட சிவன், உறைவதாகப் புலவர் சொல்கிறார். பர்வதமலை உச்சியில் இன்று மல்லிகார்சுனரும் பிரமராம்பிகையும் வழிபடப்படுகின்றனர். செங்கம் ரிஷபேசுவரர் கோயிலில் உள்ள பிற்காலக் கல்வெட்டுப் பாடல் ஒன்று நன்னனின் மலையையும் அவன் மேல் பாடப்பட்ட கடாத்தையும் நினைவுகூர்கிறது. பாட்டு அதே மண்ணில் பிற்காலத்திலும் நினைவில் இருந்ததற்கு அது சான்று.

பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிரே வரும் கூத்தர் குழுவுக்கு வழி சொல்வதாக அமைந்தது பாட்டு. அவன் சொல்லும் எச்சரிக்கைகள் காட்டில் நடந்து பழகியவனின் எச்சரிக்கைகள். பன்றி நுழையும் இடங்களில் தினைக்காவலர் கல்பொறி வைத்திருப்பர், அதற்கு அடார் என்று பெயர். ஆகவே பொழுது விடிந்தபின் நடங்கள் என்கிறான். பாம்பு ஒடுங்கும் குழிகளைக் குறித்துக்கொண்டு, மரத்தில் ஏறிக் கைதட்டிப் பார்த்து, விறலியர் தொழுதபின் ஒதுங்கிச் செல்லச் சொல்கிறான். பரண்மேல் நிற்கும் குறவர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல், மூங்கிலில் பட்டுத் தெறித்து வரும். கருவிரல் கொண்ட ஊகம் என்னும் குரங்கு குட்டியோடு சிதறி ஓடும். அப்போது மரத்தின் பின்னே ஒதுங்க வேண்டும். பாசி படிந்து வழுக்கும் குளங்களின் ஓரம் மூங்கிலையும் கொறுக்கச்சியையும் ஊன்றிக்கொண்டு, கொடியைப் பற்றி, பிள்ளைகளை ஒருவர்க்கொருவர் காத்துக் கடக்க வேண்டும். இன்று பர்வதமலை ஏறுகிறவர்கள் கம்பியும் சங்கிலியும் பிடித்து ஏறும் செங்குத்துப் பாறைகளைக் கண்டவர்க்கு இந்த அறிவுரைகளின் அருமை விளங்கும்.

வழியில் உணவும் சொல்லப்படுகிறது. மூங்கிலரிசியைப் புளியும் மோரும் கலந்து ஆக்கிய சோறு, பலாக்கொட்டை, தினை, உடும்பிறைச்சி, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேனால் ஆன கள். குரங்கும் ஏற முடியாத பாறைகளில் மால்பு எனப்படும் மூங்கில் ஏணி வைத்துத் தேன் எடுத்தார்கள். மலையின் ஓசைகளைப் புலவர் வரிசையாக அடுக்குவது பாட்டின் மிகச் சிறந்த பகுதி. அருவியின் இரைச்சல், யானையை அடக்குவோர் கூவும் பேச்சு, புலியால் கணவன் பெற்ற புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு, தினை குற்றும்போது எழும் வள்ளைப்பாட்டு ஆகியவை அதில் உண்டு. மலையை யானையாகவும் அங்கே எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் கண்டதால் பாட்டுக்கு இப்பெயர். ஒரு காட்டின் ஒலிகளைக் கேட்டுப் பதிந்த பழந்தமிழ் ஆவணம் இது என்றே கொள்ள வேண்டும்.

மலை இறங்கியபின் ஆயர் குடியிருப்பு, அங்கே பாலும் ஆட்டுத்தோல் படுக்கையும். பிறகு வயல், வாளையும் வராலும் தரும் வலைஞர். அதன் பின்னரே செய்யாறு, சேயாறு என்னும் பெயரோடு வருகிறது. விரைந்தோடும் நீரில் சுழலும் குமிழி குயவன் சக்கரத்தைப் போலிருக்கிறது என்கிறான் கூத்தன். கண்டவர் விரும்பும் அந்த ஆற்றின் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டே போங்கள் என்பதே அவனது கடைசி வழிகாட்டல். இரு கரையும் மாறி மாறி அலையாமல் ஒரு கரையாகச் செல்லும் வழக்கம் கரைகண்டக் கோயில் நடையிலும் தொடர்வது கருதத்தக்கது.

விலங்குகளும் பறவைகளும்

நன்னனின் வாயிலில் குடிகள் கொண்டுவந்து குவித்த பொருள்களின் பட்டியல்தான் இவ்வட்டாரத்தின் முதல் விலங்குக் கணக்கு. ஆமான் கன்று, யானைக் கன்று, வளைந்த பாதமுடைய கரடிக் குட்டி, வருடைக் கிடாய், பாம்பைக் கொல்லும் கீரி, புலிக்குத் தாயைப் பறிகொடுத்த மரைக் கன்று, செம்மண்ணில் தவழும் உடும்பு, மயில், காட்டுக்கோழிச் சேவல் ஆகியவை அதில் வருகின்றன. முழவு போன்ற பலாப்பழமும் உண்டு.

இவற்றுள் கரடி, கீரி, உடும்பு, மயில், காட்டுக்கோழி ஆகியவை ஜவ்வாது மலைச் சரிவுகளில் இன்றும் வாழ்கின்றன. கரடி கறையான் புற்றைத் தோண்டியும், இலுப்பைப் பூ, நாவல், கொன்றைக் காய் தின்றும் வாழும். தேனுக்கு மரமும் ஏறும். காட்டுப்பன்றி கடலைக் கொல்லைகளில் இறங்குகிறது. புள்ளிமான், முள்ளம்பன்றி, காட்டுமுயல், காட்டுப்பூனை, புனுகுப்பூனை, நாட்டுக்குரங்கு ஆகியவையும் இங்கே உண்டு. வருடையாகிய வரையாடு இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. புலி இம்மலையை விட்டு அகன்றது. யானை பற்றி ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. ஒசூர், ஆந்திரக் காடுகளிலிருந்து கிழக்கே வந்த யானைகள் ஜவ்வாது மலையிலும் சுற்றுக் காடுகளிலும் நெடுங்காலம் திரிந்தன. 2013இல் திருவண்ணாமலைப் பகுதியில் இருந்த சிறு கூட்டத்தை வனத்துறை பிடித்து மேற்கு மலைக் காடுகளுக்குக் கொண்டு சென்றது. பாட்டில் மலைக்கே உவமையான விலங்கு அதன்பின் இங்கே நிலையாக இல்லை.

ஆற்றங்கரையின் பறவைகளைப் பாட்டு அதிகம் பேசவில்லை. மணல்மேட்டில் ஆட்காட்டியும் பட்டாணி உப்புக்கொத்தியும் கூடில்லாமல் தரையிலேயே முட்டையிடும். கூழாங்கல் நிறத்து முட்டைகள் கண்ணில் படுவதில்லை. தேங்கிய நீரில் மடையான், நீர்க்காகம், வெண்மார்பு மீன்கொத்தி, கரும்புள்ளி மீன்கொத்தி. கரைப் பனைகளில் தூக்கணாங்குருவி, கம்பியில் பனங்காடை. நீர்மருதும் புங்கமும் நாவலும் நிழல் தரும்.

நடுகற்கள்

செங்கம் வட்டாரம் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த நிலம். இரா. நாகசாமியின் ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. பெரும்பாலானவை ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் விழுந்த வீரருக்கு நட்டவை. பல்லவர், கங்கர், வாணர் காலத்து ஆட்சியாண்டுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. எளிய மாடுமேய்ப்பவனின் பெயரையும் அரசன் பெயரோடு ஒரே கல்லில் தரும் சான்றுகள் இவை.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காத்து உயிர்விட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனோடு இருந்த கோவிவன் என்னும் நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் சொல்கிறது. வீரனின் பின்னே நாயும் செதுக்கப்பட்டுள்ளது. தென்பெண்ணைப் பக்கத்து ஊரானாலும், மலையடிவார மாட்டுக்கார வாழ்வு இரண்டு ஆற்றங்கரைக்கும் ஒன்றே என்பதால் இங்கே சேர்த்துச் சொல்லப்படுகிறது. இதற்கும் முந்தியவை ஜவ்வாது மலைமேல் கீழ்ச்செப்பிலியில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகள். மலைவாழ் மக்கள் அவற்றை வாலியர் வீடு என்பர்.

விழாக்கள்

ரத சப்தமியன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். ஊர்க் கோயிலின் திருமாமுடீசுவரர் எதிர்கொள்கிறார். மார்கழி முதல் நாள் கரைகண்டேசுவரர் பர்வதமலையைச் சுற்றி வர, மக்கள் சுமார் 25 கி.மீ. உடன் நடக்கின்றனர். பூண்டியில் ஆற்று மணலில் நெடுங்காலம் அமர்ந்திருந்து ஆற்றுச் சுவாமிகள் என்று பெயர் பெற்ற மகான் 1978இல் சமாதி அடைந்தார். அவரது சமாதிக்கு வருவோர் இன்றும் மிகுதி.

இன்றைய நிலை

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதி 1989இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கியது. மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை பயிரிட்டும் தேன், புளி, கடுக்காய் திரட்டியும் வாழ்கின்றனர். சந்தன மரங்கள் பெரிதும் வெட்டிக் கடத்தப்பட்டுக் குறைந்துவிட்டன. ஆற்றில் மணல் அள்ளியதால் பல இடங்களில் படுகை தாழ்ந்து, கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்துள்ளது. நடக்க ஏற்ற காலம் மழைநீர் இன்னும் ஓடும் மார்கழியும் தையும்.