ஏற்றத்தில் இருவர்

1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாவதற்கு முன் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் கிணற்று நீரை வயலுக்கு இறைத்த ஏற்றம், துலாமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவரும் கீழே நின்று நீர் மொள்ளும் சாலைக் கவிழ்ப்பவரும் ஒருவர் அசைவை மற்றவர் முன்கூட்டியே மனத்தில் கொண்டாலன்றிச் சீராக இயங்காத கருவியாகும். மிதிப்பவர் சற்று முந்தித் திரும்பினால் சால் நிரம்பாமலே மேலேறும். பிந்தினால் கவிழ்ப்பவரின் கை வீணே காத்திருக்கும். இவ்வாறு துணைவரின் பணியையும் தன் பணிபோலவே மனம் பதித்துக்கொள்வதை இணைச்செயல் உருவகம் எனலாம். நடாலி செபான்ஸ், குந்தர் நோப்லிக், வொல்ஃப்காங் பிரின்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதனை வழியே காட்டியது. ஏற்றம் இறைக்கும்போது பாடிய ஏற்றப்பாட்டு சால்களை எண்ணுவதற்கே என்பர். எண்ணிக்கையைவிட இருவரின் காலக்கணக்கை ஒன்றாக்கியதே அதன் பெரும்பணி எனக் கொள்ளத் தோன்றுகிறது. மின்மோட்டார்கள் பரவியதும் நீரிறைப்பு ஒருவர் விசையை அழுத்தும் வேலையாயிற்று.