மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பழைய வாட்ச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலர் அரிய மாடலையோ பளபளக்கும் டயலையோ தேடிப் போகிறார்கள். முதலில் எடுத்து வைக்க வேண்டியது சாதாரண எச்.எம்.டி. ஜனதாதான் என்பேன். காரணம் ஊரின் வரலாற்றில் இருக்கிறது. ராஜபாளையம் ஆலை ஊர். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு நூற்பாலைகள் பெருகப் பெருக, ஊரின் இரவும் பகலும் ஷிப்டுகளாகப் பிரிந்தன. ஆலைச் சங்கு ஊருக்கெல்லாம் நேரம் சொன்னது உண்மைதான். ஆனால் சங்கு எட்டாத கிராமத்திலிருந்து இரவு ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்து வருபவருக்குக் கையிலேயே நேரம் வேண்டும். வெளிநாட்டு வாட்சுகளுக்கோ அன்று இறக்குமதிக் கட்டுப்பாடு. கடத்தல் சரக்கு வாங்கத் துணிவும் பணமும் வேண்டும். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய பிறகே, ஜனதா போன்ற, தினமும் சாவி கொடுக்கும் 17 கல் வாட்ச் கூலிக்காரர் கைக்கும் வந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போடும் வழக்கத்துக்கும் அதுவே கைகொடுத்தது. 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை உருவாக்கின. ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகள் வந்து குவிந்ததும் சாவி வாட்ச் பீரோவுக்குள் போனது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

இந்த வரலாறு எந்த வாட்சில் அழியாமல் இருக்கிறதோ, அதுவே வைத்துக்கொள்ளத் தக்கது. இன்று சந்தைக்கு வரும் பல ‘புத்தம்புது’ எச்.எம்.டி.களின் டயல், பழையதைச் சுரண்டி மறுபடி வண்ணம் அடித்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கும். நிமிடக் கோடுகள் முள்ளோடு ஒத்துவராது. எச்.எம்.டி. ஒருபோதும் போடாத நிறங்களும் சின்னங்களும்கூட இருக்கும். பழுப்பேறிய அசல் டயல் அதைவிட எவ்வளவோ மேல். அதற்கும் மேலானது பின்மூடியின் உட்புறம். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் அங்கே ஊசிமுனையால் தேதியோ தங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறியோ கீறி வைப்பதுண்டு. ஒன்றின்கீழ் ஒன்றாக அப்படி நாலைந்து கீறல்கள் இருந்தால், அந்த வாட்ச் தூக்கிப் போடப்படாமல் திரும்பத் திரும்பச் சரிசெய்து கட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வாட்ச் எவ்வளவு அருமையான பொருளாக இருந்தது என்பதற்கு அதைவிட நேரான சான்று கிடைக்காது.

ரிப்பேரை வரலாறு என்றால் டயலுக்கு வர்ணம் அடிப்பதும் ரிப்பேர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணாடி, ஸ்பிரிங், சாவி ஆகியவை தேயும் உறுப்புகள். கட்டியிருந்தவரே ஓடுவதற்காக மாற்றியவை. இன்றைய வர்ணமோ ஓட்டத்துக்காக அல்ல, விற்பனைக்காக அடித்தது. தேய்ந்த உறுப்பை மாற்றிய வாட்சைத் தயங்காமல் வாங்கலாம். வர்ணம் அடித்ததை விட்டுவிடலாம். இன்னொரு மறுப்பு, கோடிக்கணக்கில் செய்த வாட்சுக்கு என்ன மதிப்பு என்பது. செய்தது கோடிக்கணக்கில்தான், ஆனால் வர்ணம் அடிக்காமல், வேறு வாட்சின் உறுப்பைத் திணிக்காமல், யார் கட்டியது என்ற விவரத்தோடு கிடைப்பவை குறைந்துகொண்டே போகின்றன. கட்டியவர் எந்த ஆலையில், எந்த ஷிப்டில் வேலை பார்த்தார் என்று இன்றைக்கு வீட்டுப் பெரியவர்களால் சொல்ல முடியும். ஆகவே, வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கட்டியிருந்தவர் பெயரையும் வேலையையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாட்சோடு வையுங்கள்.