கிணறும் குழியும்: ஒரு சின்ன வரலாறு



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ராஜா, கோட்டை, சண்டை பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நம்ம வீட்டுக் கொல்லையில் இருக்கிற இரண்டு பொருளின் வரலாற்றை எழுதுகிறேன். ஒன்று கிணறு, இன்னொன்று கக்கூஸ் குழி. இரண்டும் தனித்தனி என்று நினைக்கிறோம். மண்ணுக்கு அடியில் அது இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

ஊராட்சியில் நடந்த தண்ணீர் பரிசோதனைப் பயிற்சிக்குப் போய் வந்து, குழுக் கூட்டத்தில் நான் சொன்னபோது ஒரு அக்கா கேட்டாங்க: "எங்க பாட்டி காலத்துல இருந்து இந்தக் கிணத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறோம். என்ன ஆயிப்போச்சு?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் வரலாற்றில்தான் இருக்கு.

பாட்டி காலம்

பாட்டி காலத்தில் கிணறு இருந்தது, கொல்லையில் குழி இல்லை. ஏரிக்கரை, ஓடை, கருவேல மறைவு என்று விடியும் முன்னாலோ இருட்டின பிறகோதான் பெண்கள் போக முடியும். அதுக்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக் கிடந்தவர்கள் எத்தனை பேர்!

அதற்காக அந்தக் காலத்துத் தண்ணீர் எல்லாம் சுத்தம் என்று சொல்ல முடியாது. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோயைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலில் கொப்புளம் வந்து, அதிலிருந்து நூல் மாதிரி புழு வெளியே வரும். அந்தக் காலோடு படிக்கிணற்றிலும் குளத்திலும் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்து, அதைக் குடிப்பவர்களுக்குப் போகும். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டுபிடிக்கப்பட்டார். 2000-ல்தான் நம்ம நாட்டில் அந்த நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்க நம்ம முன்னோர் பானையில் தேற்றாங்கொட்டையை உரசினார்கள். கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டார்கள். கலங்கல் அடியில் படிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகும். அது நல்ல அறிவுதான். ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. இந்த வித்தியாசம் உலகத்துக்குப் புரிய 616 உயிர் போக வேண்டியிருந்தது. அந்தக் கதை லண்டனில் நடந்தது.

1854: லண்டன், பிராட் தெரு

அப்போது லண்டனில் வீட்டுக்கு வீடு கழிவுக் குழி. தெருவுக்குத் தெரு அடிபம்பு. சோஹோ என்ற பகுதியில் பிராட் தெரு பம்புத் தண்ணீர் ருசிக்குப் பேர் போனது. 1854 ஆகஸ்ட் கடைசியில் அங்கே காலரா வந்தது. முதல் 3 நாளில் மட்டும் 127 பேர் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருது என்று பெரிய டாக்டர்களே நம்பின காலம் அது.

ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டார். வீடு வீடாகப் போய், செத்தவர்கள் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டார். அந்தத் தெருவிலேயே இருந்த பீர் ஆலையில் சுமார் 70 ஆட்கள், ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்குத் தனிக் கிணறு இருந்தது, குடித்ததும் பெரும்பாலும் பீர்தான். பக்கத்தில் ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள். அங்கேயும் தனிக் கிணறு. ஆனால் தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை அம்மா இறந்துபோனார். அந்தத் தெருப் பக்கமே அவர் வரவில்லை. முன்னே அங்கே குடியிருந்தவர், பம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் வண்டியில் தினமும் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இறந்தார்.

இதை எல்லாம் ஸ்னோ ஊர்ப் பொறுப்பாளர்களிடம் சொன்னார். செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு அவர் ஒரு வரைபடம் போட்டார். எந்த வீட்டில் எத்தனை சாவு என்று கோடு கோடாகக் குறித்தார். கோடுகள் எல்லாம் பம்பைச் சுற்றிக் குவிந்து நின்றன.

தண்ணீருக்குள் அது எப்படி வந்தது? அதே ஊர்ப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் முதலில் ஸ்னோ சொன்னதை நம்பவில்லை. பொய் என்று காட்டத்தான் விசாரிக்கப் போனார். ஒரு தாயைக் கண்டார். பம்புக்கு எதிரே 40-ம் எண் வீடு. வயிற்றுப்போக்கில் கிடந்த கைக்குழந்தையின் துணியை அலசி, அந்தத் தண்ணீரை வீட்டின் முன்பக்கக் குழியில் ஊற்றியிருக்கிறார். குழந்தையும் இறந்துபோனது. 1855-ல் தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கல் சுவர் உளுத்துப் போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்த தூரம் 3 அடிகூட இல்லை.

அந்தத் தாய் மேல் ஒரு தப்பும் இல்லை. நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தப்பு, குழியைக் கட்டின இடத்திலும் கட்டின விதத்திலும் இருந்தது.

கிருமியும் செப்டிக் டேங்கும்

ஸ்னோவால் கடைசி வரை கிருமியைக் கையில் பிடித்துக் காட்ட முடியவில்லை. 1884-ல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, காலராக் கிருமியை அங்கே ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கண்டுபிடித்தார். மக்கள் குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குளம்தான்.

அதே சமயம் பிரான்சில் மூரா என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக் கழிவுக்குத் தண்ணீர் ஒழுகாத ஒரு தொட்டி கட்டினார். வருஷங்கள் கழித்துத் திறந்தால், கெட்டிக் கழிவு கொஞ்சம்தான் இருந்தது. மீதியைக் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கரைத்துவிட்டன. 1881-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் ஊரில் டொனால்ட் கேமரூன் அதை மேம்படுத்தி வைத்த பேர்தான் "செப்டிக் டேங்க்".

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். டேங்க் கெட்டியைத்தான் பிடித்து வைக்கும். அதிலிருந்து வெளியே வரும் தண்ணீர் முழுக்கக் கிருமி. அதை வடிகட்டும் வேலையை உறிஞ்சு குழியைச் சுற்றி உள்ள மண்தான் செய்யணும். மண்ணுக்கு அதற்கு இடமும் வேண்டும், நேரமும் வேண்டும். நம்ம மாவட்டங்களில் நிறைய இடம் பாறை பூமி. பாறை வெடிப்பு வழியாகக் கழிவுத் தண்ணீர் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கும் போருக்கும் ஓடிவிடும். "எங்களுது ஆழமான போர், ஒண்ணும் ஆகாது" என்பதும் உறுதியான பேச்சு இல்லை.

நம்ம நாட்டில் 1970-ல் பாட்னாவில் சுலப் இயக்கத்தைத் தொடங்கின பிந்தேஷ்வர் பாடக் இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பினார். ஒரு குழி நிறைந்தால் அடைத்துவிட்டு அடுத்ததுக்குத் திருப்பணும். அடைத்த குழி ஒன்றரை, இரண்டு வருஷத்தில் எருவாகிவிடும். 2014-ல் தூய்மை இந்தியா திட்டம் வந்து 12,000 ரூபாய் கொடுத்தார்கள். இருட்டுக்குக் காத்திருந்த கஷ்டம் தீர்ந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதிலும் இதுதான்: கிணறு பாட்டி காலத்தது, குழி நம்ம காலத்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது இப்போதுதான்.

பார்த்தால் தெரியாது, பரிசோதித்தால் தெரியும்

1982-ல் குவாலியரில் மாஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று விஞ்ஞானிகள் ஒரு எளிய பரிசோதனையை வெளியிட்டார்கள். மருந்து ஏற்றின காகிதத் துண்டு போட்ட சின்ன பாட்டில். அதில் தண்ணீரைப் பிடித்து, மூடி, ஒன்றிரண்டு நாள் வைக்கணும். மலக்கழிவு கலந்திருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கறுப்பு எது என்று சொல்லிவிடுவார். 2019-ல் தொடங்கின ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தரணும் என்று வைத்திருக்கிறார்கள். ஸ்னோ கையில் இல்லாத கருவி இன்று நம்ம கையில் இருக்கு.

பாட்டில் கறுத்தாலும், சந்தேகம் இருந்தாலும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 1971-ல் தொடங்கின குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. கிருமிப் பரிசோதனைக்குக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துப் போகக் கூடாது. அவர்கள் தரும் சுத்தமான பாட்டிலில், உள்ளே விரல் படாமல் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே கொடுக்கணும். 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம்.

நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வருவது அது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 6 மாதத்துக்கு உட்பட்ட, பாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்கு அது மிகுந்தால் உடம்பு நீலம் பாயும். கிருமி காய்ச்சினால் சாகும், நைட்ரேட் காய்ச்சினாலும் போகாது. அதனால் வீட்டில் பிரசவம் வரும் முன்னால் ஒரு தடவை, மழை முடிந்த பிறகு ஒரு தடவை, பக்கத்தில் புதுக் குழி தோண்டினால் ஒரு தடவை கட்டாயம் பார்க்கணும்.

கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். 2 மீட்டர் அகல வட்டக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 9,400 லிட்டர். அதற்கு 24 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்கி, 1 மணி நேரம் கழித்து இறைக்கலாம். ஆனால் குழி கசிந்துகொண்டே இருந்தால் இது இன்றைக்கு மட்டும்தான் காப்பாற்றும்.

குழி எடுக்கும் முன்னால்

கொத்தனார் சொல்வார்: "அடியை மூடாதீங்கம்மா, சீக்கிரம் நிறைஞ்சிடும்." நிறையாத குழி என்றால் அது எங்கேயோ போகிறது என்று அர்த்தம். எங்கே போகிறது என்றுதான் நாம் கேட்கணும்.

செப்டிக் டேங்குக்கு அடியில் கான்கிரீட், உள்பக்கம் பூச்சு, நடுவில் தடுப்பு, காற்றுக் குழாய் வேண்டும். 5 பேர் வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் தண்ணீர் ஆழம் போதும் என்பது இந்தியத் தரக் கணக்கு. அறை மாதிரி பெரிதாகக் கட்ட வேண்டியதில்லை. 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி வைத்து உறிஞ்சி எடுக்கணும். எந்த மனிதரையும் உள்ளே இறக்கக் கூடாது. விஷ வாயு ஒரு நொடியில் ஆளைக் கொல்லும். 2013-ம் வருஷச் சட்டப்படி அது குற்றமும்கூட. டேங்கிலிருந்து வரும் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் விடாமல் உறிஞ்சு குழிக்கு விடணும். குளிக்கிற, துவைக்கிற தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பலாம்.

உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்கணும். வீட்டிலிருந்து 6 மீட்டர். கிணறு மேட்டில், குழி பள்ளத்தில்.

இப்போது நம்ம நிலைமையைப் பாருங்கள். 3 சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 36 அடிதான். மூலைக்கு மூலை அளந்தாலும் 51 அடி. அந்த மனைக்குள் 60 அடிக்கு எங்கே போவது? நான் என் கிணற்றிலிருந்து தள்ளிக் குழி எடுத்தால், அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டே போய்விடும். சுவர் நம்ம கண்ணுக்குத்தான். தண்ணீருக்குச் சுவர் கிடையாது.

அதனால் இது ஒரு வீடு தனியாகத் தீர்க்கிற காரியம் இல்லை, தெரு சேர்ந்து தீர்க்கிற காரியம். எந்தக் கிணறு குடிக்க, எது புழங்க மட்டும் என்று முடிவு செய்யணும். குடிக்கும் கிணற்றைச் சுற்றி யாரும் குழி எடுக்காமல் பார்த்துக்கொள்ளணும். உறிஞ்சு குழிகளைத் தெருவின் பள்ளப் பக்கம் சேர்த்து அமைக்கலாமா என்று ஊராட்சியில் கேட்கணும். வண்டியைத் தெருவுக்கே சேர்த்து வரவழைத்தால் வாடகையும் பங்காகும். சந்தா, கடன், வட்டி என்று பிசகாமல் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய கணக்கே இல்லை.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு குழுவும் தன் தெருவுக்கு ஒரு வரைபடம் போடட்டும். கிணறும் போரும் நீலப் புள்ளி, குழி சிவப்புப் புள்ளி, நடுவில் எத்தனை அடி என்று எழுதட்டும். பாட்டில் கறுத்த கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம். ஸ்னோ போட்ட படத்தில் செத்தவர்களின் கணக்கு இருந்தது. நம்ம படம் யாரும் நோயில் விழும் முன்னாலேயே போட்டதாக இருக்கட்டும்.