பரிணாமப் படிமுறை மென்பொருளில் இடைநிலை அளவு: செலவு ஒரு தடையா?

பரிணாமப் படிமுறை ஓடும்போது, தீர்வுக்கூட்டம் முன்னேறுகிறதா தேங்கிவிட்டதா என்பதை ஆய்வாளர் தலைமுறைதோறும் அச்சாகும் புள்ளிவிவர வரியைப் பார்த்தே முடிவு செய்கிறார். பைத்தானின் டீப் (DEAP) நூலகம் தரும் பயிற்சிக் குறிப்புகள் அதில் சராசரி, திட்ட விலக்கம், சிறுமம், பெருமம் ஆகிய நான்கைப் பதியக் காட்டுகின்றன. இடைநிலையும் இடைநிலை விலக்கமும் அந்த வரியில் இயல்பாகவே இடம்பெற வேண்டும். கணக்கீட்டுச் செலவு அதற்குத் தடையாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மின்பொறியியல் மாணவர்க்குப் பழகிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்சுமையைக் குறைந்த செலவில் ஜெனரேட்டர்களுக்குப் பங்கிட வேண்டும். உற்பத்தி தேவைக்குப் பொருந்தாத தீர்வின் செலவோடு பெருந்தொகை தண்டமாகச் சேரும். எட்டுத் தீர்வுகளின் செலவு 8,240 முதல் 8,310 வரை பத்துப் பத்தாக ஏறுகிறது. தண்டம் பெற்ற ஒன்பதாவது தீர்வு 10,00,000 என்று கொள்வோம். சராசரி ஏறத்தாழ 1,18,467. திட்ட விலக்கம் மூன்று லட்சத்துக்கும் மேல். கூட்டத்தில் எந்தத் தீர்வும் இந்தச் சராசரியின் அருகில்கூட இல்லை. இடைநிலையோ 8,280, அதிலிருந்து ஒவ்வொரு தீர்வும் விலகும் தொலைவுகளின் இடைநிலை, அதாவது இடைநிலை விலக்கம், 20. கூட்டம் நெருங்கிவிட்டது என்ற உண்மையை இந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

இடைநிலை காண முழுப் பட்டியலையும் வரிசைப்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கணக்கீட்டுச் செலவு பற்றிய தயக்கம் பிறக்கிறது. கணினி அறிவியலாளர் ஹோர் 1961இல் வெளியிட்ட தேர்வு முறை, வேண்டிய இடத்து உறுப்பை மட்டும் பிரித்தெடுக்கிறது. அதன் சராசரி வேலை உறுப்பு எண்ணிக்கைக்கு நேர்விகிதம். மிக மோசமான நிலையிலும் அந்த விகிதம் மாறாத முறையை 1973இல் புளூம், ஃபிளாய்ட், பிராட், ரிவெஸ்ட், டார்ஜன் ஆகியோர் தந்தனர். தீர்வுகளின் தகுதி மதிப்பு (இங்கே செலவு) வரிசைப்படி பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் படிமுறையில் பட்டியல் ஏற்கெனவே வரிசையாகவே இருப்பதால், இடைநிலை கூடுதல் செலவின்றிக் கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே தீர்வை மாற்றும் படிமுறையில், கூட்டத்தின் அளவுக்குச் சமமான மாற்றங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும்.

ஒரு சிக்கல் உண்மையானது. கூட்டம் பல கணினிகளில் பிரிந்து கிடந்தால், பகுதிச் சராசரிகளை உறுப்பு எண்ணிக்கைகளோடு இணைத்து முழுச் சராசரியைப் பெறலாம். பகுதி இடைநிலைகளை அப்படி இணைக்க முடியாது. தகுதி மதிப்புகளையே அனுப்ப வேண்டும். ஆயினும் ஒரு தீர்வுக்கு ஓர் எண் என்பது, அத்தீர்வை மதிப்பிடப் பிடிக்கும் நேரத்தோடு ஒப்பிடப் பெரும்பாலும் அற்பமே.

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுகந்தனும் சக ஆய்வாளர்களும் 2005 பரிணாமக் கணிமை மாநாட்டுக்கு வகுத்த சோதனை நெறி, ஒவ்வொரு சார்பிலும் 25 ஓட்டங்கள் நடத்தி, சராசரி, திட்ட விலக்கத்தோடு 1, 7, 13, 19, 25ஆம் இடத்து முடிவுகளையும் கேட்டது. 13ஆம் இடம் இடைநிலையே. ஓட்டங்களை ஒப்பிட ஏற்ற நெறியை ஓட்டத்துக்குள்ளே மறுப்பதற்குக் காரணமில்லை.

இடைநிலைக்கும் எல்லை உண்டு. பாதிக்கு மேற்பட்ட தீர்வுகள் தண்டம் பெற்றால் அதுவும் சாயும். பாதிக்கு மேற்பட்டவை ஒரே மதிப்பானால் இடைநிலை விலக்கம் சுழியாகி, தேடல் முடிந்ததாகத் தவறாகக் காட்டும். ஆகவே மென்பொருள் விதி மீறிய தீர்வுகளையும் எண்ணாக அமையாத மதிப்புகளையும் முதலில் தனியே எண்ணிக் காட்ட வேண்டும். எஞ்சியவற்றுக்குச் சிறந்த மதிப்பு, இடைநிலை, இடைநிலை விலக்கம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். சுழியான விலக்கத்தை மட்டும் நம்பி ஓட்டத்தை நிறுத்தக் கூடாது. சராசரியை விரும்புவோர் அதைக் கேட்டுப் பெறட்டும். மென்பொருள் தானாகத் தருவது இடைநிலையாக இருக்கட்டும்.