எக்ஸ்இக்குள் இருக்கும் யூனிக்ஸ்

முன்பின் தெரியாத எக்ஸ்இ கோப்பு எதையும் நான் எடுத்த எடுப்பில் இயக்குவதில்லை. என் லினக்ஸ் கணினியில் விண்டோஸ் நிரல்களைக் கட்டும் மிங்டபிள்யூ-டபிள்யூ64 கருவிகள் இருக்கின்றன. அவற்றோடு வரும் ஆப்ஜ்டம்ப்பிடம் கொடுத்தால், கோப்பு எந்தெந்த டிஎல்எல்லைக் கேட்கும், எந்தெந்த ஃபங்ஷனை அழைக்கும், 32 பிட்டா 64 பிட்டா எல்லாவற்றையும் இயக்காமலே சொல்லிவிடும். பட்டியலில் லிப்ஜிசிசி என்று தொடங்கும் டிஎல்எல் தென்பட்டால், கோப்பைக் கட்டியதே குனு கம்பைலரான ஜிசிசிதான் என்று ஊகித்துவிடலாம்.

லினக்ஸ் கருவிக்கு விண்டோஸ் கோப்பின் உள்கட்டு எப்படித் தெரிந்தது? விடை கோப்புக்குள்ளேயே படிவு படிவாகக் கிடக்கிறது. முதல் இரண்டு பைட்டுகள் எம், இசட். டாஸ் காலத்தில் இந்த வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. அடுத்து, டாஸில் இயக்கினால் ‘இங்கே ஓடாது’ என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும் குட்டி நிரல் ஒன்று. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 60-ஆம் இடத்தில் உள்ள நான்கு பைட்டுகள் உண்மையான தலைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும். அங்கே பி, இ, இரண்டு பூஜ்யங்கள். அதன் பின்னால் 20 பைட்டுகள்.

அந்த 20 பைட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் சிஸ்டம் வி-க்காக வகுக்கப்பட்ட காஃப் வடிவத்தின் தலைப்பு அது. புலங்களின் வரிசைகூட மாறவில்லை. இன்டெல் 386-க்கு யூனிக்ஸ்காரர்கள் வைத்த எண் 332. 32 பிட் எக்ஸ்இ இன்றும் அதே எண்ணைத்தான் சுமக்கிறது. கட்டப்பட்ட நேரமும் யூனிக்ஸ் கணக்குதான்: 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள்.

டெக் நிறுவனத்திலிருந்து 1988-இல் வந்த டேவ் கட்லரின் தலைமையில் உருவான விண்டோஸ் என்டி 1993-இல் வெளியானது. காஃபின் மேல் எழுப்பிய பிஇ வடிவமும் அதோடு வந்தது. யூனிக்ஸோ அதற்குள் காஃபை விட்டு எல்ஃப் என்ற வேறொரு வடிவத்தின் பக்கம் நகரத் தொடங்கியிருந்தது. பிறந்த வீடு கைவிட்டதைப் புகுந்த வீடு காப்பாற்றியது.

1995-இல் சிக்னஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் சேம்பர்லெய்ன் இதைக் கவனித்தார். என்டியும் விண்டோஸ் 95-உம் காஃப் வடிவத்தைப் பயன்படுத்துகின்றன, குனு கருவிகளுக்கோ காஃப் ஏற்கெனவே பழக்கம். அப்படியானால் ஜிசிசியை விண்டோஸுக்குத் திருப்ப முடியாதா என்று யோசித்தார். அந்த யோசனையில் பிறந்தது, யூனிக்ஸ் நிரல்களை ஓர் இடைப்பூச்சு வழியாக விண்டோஸில் ஓடவைக்கும் சிக்வின். அந்த இடைப்பூச்சு இல்லாமல் விண்டோஸில் நேரே ஓடும் நிரல்களுக்காக 1998-இல் கொலின் பீட்டர்ஸ் மிங்டபிள்யூவை வெளியிட்டார். அதன் 64 பிட்டுக்கான கிளையான மிங்டபிள்யூ-டபிள்யூ64-ஐக் கை டீட்ஸும் மற்றவர்களும் வளர்த்தார்கள்.

தலைப்பில் உள்ள அந்த நொடிக்கணக்கை மட்டும் இப்போது அப்படியே நம்ப முடியாது. விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் தன் கோப்புகளில் அந்த நான்கு பைட்டுகளில் நேரத்துக்குப் பதில் ஹாஷ் ஒன்றை இடுகிறது. ஒரே மூலநிரலை எப்போது கட்டினாலும் ஒரே கோப்பு வரவேண்டும் என்பதற்காக. ஆப்ஜ்டம்ப் வருங்காலத் தேதி எதையாவது காட்டினால் கோப்பைச் சந்தேகிக்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.